பிரதி இல்லாத படங்கள்

2016-இல் நியூயார்க் திரைப்பட விழா ஓர் ஆவணப்படத்துடன் தொடங்கியது. அந்த விழாவின் வரலாற்றில் ஆவணப்படம் ஒன்று தொடக்கப் படமானது அதுவே முதல் முறை. ஏவா டுவெர்னே இயக்கிய ‘தேர்ட்டீன்த்’ என்பது அந்தப் படம். அடிமைமுறையை ஒழிக்க 1865-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13-ஆவது திருத்தத்தில், குற்றவாளி எனத் தண்டிக்கப்பட்டவர்கள் விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு இருந்தது. அந்தச் சிறு விலக்கு, கறுப்பின மக்களைச் சிறைக்குள் தள்ளும் பெருவழியாக எப்படி ஆனது என்பதைப் படம் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. சட்டம், வரலாறு, சமூகவியல், இதழியல் என்று எந்தத் துறை ஆசிரியரும் வகுப்பில் காட்ட விரும்பும் படம்.

ஆசிரியர் ஒரு படத்தைக் கேட்டால் கல்லூரி நூலகர் என்ன செய்வார் என்பது ஒரு காலத்தில் எளிய கதை. விநியோகஸ்தரைத் தேடிப் பிடிப்பார், டிவிடிக்கு ஆர்டர் போடுவார், வந்ததும் எண் ஒட்டி அலமாரியில் வைப்பார். அடுத்த ஆண்டு மாணவருக்கும், இருபது ஆண்டு கழித்து வரும் ஆய்வாளருக்கும் அது அங்கேயே இருக்கும். நெட்ஃபிளிக்ஸுக்காகவே தயாரிக்கப்பட்ட ‘தேர்ட்டீன்த்’ போன்ற படங்களுக்கு அந்த வழி பொதுவாக இல்லை. அவற்றைப் பார்க்கத் தனிநபர் சந்தா வேண்டும். நூலகம் தன் பெயரில் வாங்கி வளாகம் முழுவதற்கும் திறந்துவிடும்படியான நிறுவனச் சந்தா எதையும் நெட்ஃபிளிக்ஸ் விற்பதில்லை.

நூலகரிடம் பணம் இருக்கிறது, வாங்கும் விருப்பம் இருக்கிறது, கேட்கும் மாணவர் எதிரே நிற்கிறார். விற்பவர்தான் இல்லை. அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்துவரும் இந்தச் சிக்கல் பார்வைக்குச் சிறியது, வேரோ ஆழமானது. நூலகம் என்ற அமைப்புக்குச் சட்டம் இதுவரை தந்துவந்த பாதுகாப்பு முழுவதும் ‘பிரதி’ என்ற ஒரு சொல்லின்மேல் நின்றிருந்தது. அந்தச் சொல்லையே இந்தப் படங்கள் உருவிவிட்டன.

பிரதி தந்த உரிமை

1904-இல் அமெரிக்கப் பதிப்பகமான பாப்ஸ்-மெரில், தான் வெளியிட்ட ‘தி காஸ்ட்அவே’ என்ற நாவலில் ஓர் அறிவிப்பை அச்சிட்டது. ஒரு டாலருக்குக் குறைவாக இந்த நூலை விற்றால் அது பதிப்புரிமை மீறல் என்றது அந்த அறிவிப்பு. நியூயார்க்கின் மேசீஸ் அங்காடி அதை 89 சென்டுக்கு விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1908-இல் நீதிமன்றம் சொன்ன முடிவு தெளிவானது: ஒரு பிரதியை விற்றதும் அந்தப் பிரதியின்மேல் பதிப்பாளருக்கு இருந்த விற்பனைக் கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது. வாங்கியவர் அதை என்ன விலைக்கும் விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கு விடலாம், சும்மாவும் கொடுக்கலாம். ‘முதல் விற்பனைக் கோட்பாடு’ என்று பெயர் பெற்ற இது இன்று 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவாக இருக்கிறது.

நூலகம் புத்தகத்தை இரவல் தர யாரிடமும் அனுமதி கேட்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தக் கோட்பாடு. படங்களுக்கும் அதே நியாயம் பொருந்தியது. விஎச்எஸ் நாடாவோ டிவிடியோ, வாங்கிய வட்டு நூலகத்தின் சொத்து. வகுப்பறைக்கு இன்னொரு கதவையும் சட்டம் திறந்து வைத்திருந்தது. லாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தில், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் வகுப்பில், பாடத்தின் பகுதியாக ஒரு படத்தை முழுவதும் திரையிடலாம் என்கிறது 110(1) பிரிவு. பிரதி சட்டப்படி உருவானதாக இருந்தால் போதும். தனி அனுமதியோ கட்டணமோ தேவையில்லை.

நெட்ஃபிளிக்ஸ் வளர்ந்ததும் இதே 109-ஆவது பிரிவின் நிழலில்தான் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். வட்டுகளை வாங்கித் தபாலில் வாடகைக்கு அனுப்பும் தொழிலை அது 1998-இல் தொடங்கியது. எந்த ஸ்டுடியோவிடமும் வாடகை உரிமம் வாங்கவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 2023 செப்டம்பர் 29-இல் கடைசி வட்டை அனுப்பி அந்தச் சேவையை மூடும்வரை 500 கோடிக்கும் மேற்பட்ட வட்டுகள் அதன் கையிலிருந்து போயிருந்தன. நூலகத்தைத் தாங்கிய தூணே அந்தத் தொழிலையும் தாங்கியது. ஸ்ட்ரீமிங்குக்கு மாறியபோது அந்தத் தூணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விற்பனை என்று ஒன்று நடந்தால்தானே முதல் விற்பனை.

சட்டம் அனுமதித்தாலும்

ஆசிரியர் தன் சொந்தச் சந்தாவில் ஒரு படத்தை வகுப்பில் ஓட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். 110(1) பிரிவை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கு இடம் உண்டு என்று வாதிட முடியும். ஆனால் சந்தா சேரும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொடுக்குகிறோமே, அது ஓர் ஒப்பந்தம். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும், வீட்டாரைத் தாண்டிப் பகிரக்கூடாது என்பது அதன் விதி. சட்டம் ஒரு கையால் கொடுத்த கல்வி விலக்கை ஒப்பந்தம் மறு கையால் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதை வெளிப்படையாகத் தடுக்கும் பிரிவு இல்லை. ஆசிரியர் துணிந்து திரையிட்டால்கூட நூலகரால் துணிய முடியாது. அவர் ஒரு நிறுவனத்தின் பெயரில் கையெழுத்துப் போடுபவர்.

நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றுக்குக் கல்வித் திரையிடல் அனுமதி தந்திருக்கிறது. எந்தப் படத்துக்கு அனுமதி உண்டு என்று தன் தளத்தில் அது குறிப்பிடுகிறது. கட்டணம் வசூலிக்கக்கூடாது, விளம்பரம் கூடாது, திரையிடல் ஒருமுறைக்கானது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. சந்தா உள்ள ஒருவர் வகுப்பில் இருக்கவேண்டும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, ஆசிரியர்களின் வேண்டுகோளை ஏற்று, ‘தேர்ட்டீன்த்’ உட்படச் சில ஆவணப்படங்களை யூடியூபில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய சானிட்டரி நாப்கின் இயந்திரத்தை மையமாகக் கொண்ட ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்.’ என்ற ஆஸ்கர் விருதுப் படமும் அதில் இருந்தது.

இவை வரவேற்க வேண்டிய செயல்கள். இருந்தாலும் இவை சலுகைகள். கொடுத்தவர் நாளை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் படங்களுக்கும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாடத்திட்டம் ஒன்றைச் சலுகையை நம்பி எழுத முடியாது. வகுப்பைத் தவறவிட்ட மாணவர், தேர்வுக்கு முன் மறுபடி பார்க்க விரும்பும் மாணவர், ஒரே காட்சியைப் பத்து முறை ஓட்டிக் குறிப்பெடுக்கும் ஆய்வாளர் ஆகியோருக்கு ஒருமுறைத் திரையிடல் எதையும் தராது. சந்தா கட்ட வசதியில்லாத மாணவரையும் மறக்கக்கூடாது. ஒரே பருவத்தில் மூன்று ஆசிரியர்கள் மூன்று தளங்களிலிருந்து படம் சொன்னால் அவர் மூன்று சந்தா கட்டவேண்டும். அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யத்தான் கல்லூரிகள் நூலகம் என்ற ஒன்றையே வைத்திருக்கின்றன.

வாடகைக்கு ஓர் அலமாரி

எல்லாப் படங்களுக்கும் கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல முடியாது. கல்வி நிறுவனங்களுக்கென்றே ஸ்ட்ரீமிங் உரிமம் விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. 2008-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய கனோப்பி, அலெக்சாண்டர் ஸ்ட்ரீட், ஹாலிவுட் படங்களைத் தரும் ஸ்வாங்க் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. ஆனால் பெரிய ஓடிடி தளங்கள் தங்களுக்கென்றே எடுத்த படங்கள் பெரும்பாலும் இந்தக் கடைகளுக்கு வருவதில்லை. வரும் படங்களுக்கும் நூலகம் கட்டுவது வாடகை.

கனோப்பி கல்லூரிகளுக்கு அறிமுகப்படுத்திய முறை நூலகர்களை முதலில் மகிழ்வித்தது. ஆயிரக்கணக்கான படங்கள் மாணவர் கண்ணுக்குத் தெரியும். ஒரு படத்தைக் குறிப்பிட்ட சில தடவை யாராவது பார்த்தால் மட்டும் அதற்கான ஓராண்டு உரிமக் கட்டணம் நூலகத்தின்மேல் விழும். படம் ஒன்றுக்கு ஆண்டுக்கு சுமார் 150 டாலர் என்பது பரவலாகப் பேசப்பட்ட விலை. பயன்படாத படத்துக்குப் பணம் இல்லை என்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது. மாணவர்கள் ஆர்வமாகப் பார்க்கத் தொடங்கியதும் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. நூலகம் எவ்வளவு நன்றாகப் பயன்படுகிறதோ அவ்வளவு வேகமாக நிதி தீர்ந்தது. பல கல்லூரிகள், ஆசிரியர் பரிந்துரைத்தால் மட்டுமே படம் திறக்கும் என்று கட்டுப்பாடு வைத்தன. பொது நூலகங்களுக்கும் பார்வைக் கணக்கில்தான் கட்டணம். அதன் சுமை தாங்காமல் நியூயார்க், புரூக்ளின், குவீன்ஸ் பொது நூலகங்கள் 2019 ஜூலையில் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டன.

டிவிடி ஒன்றுக்கு ஒருமுறை பணம் கொடுத்தால் அது தேயும்வரை பயன்படும். உரிமத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதை நிறுத்திய நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. பத்தாண்டு வாடகை கட்டிய பிறகும் நூலகத்தின் சேகரிப்பில் ஒரு படம்கூடக் கூடியிருக்காது.

கையில் இருக்கும் டிவிடியை நூலகமே கணினியில் ஏற்றி மாணவருக்கு அனுப்பலாமா என்ற கேள்வியும் நீதிமன்றம் போனது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம் தான் வாங்கிய டிவிடிகளைக் கடவுச்சொல் காப்புடன் மாணவர்களுக்கு ஸ்ட்ரீம் செய்தது. கல்விப் படங்கள் விற்கும் நிறுவனங்களின் சங்கம் ஒன்றும், ஆம்புரோஸ் வீடியோ என்ற நிறுவனமும் 2010-இல் வழக்குத் தொடுத்தன. 2011-இலும் மறுபடி 2012-இலும் வழக்கு தள்ளுபடியானது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு போன்ற காரணங்கள் அதில் பெரும்பங்கு வகித்தன. இப்படிச் செய்யலாம் என்று எல்லாக் கல்லூரிகளும் நம்பி நடக்கும்படியான தீர்ப்பு கிடைக்கவில்லை. வட்டின் பூட்டை உடைப்பதையே 1998-ஆம் ஆண்டின் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வழங்கப்படும் விலக்குகள் கல்விக்கு அனுமதிப்பது படத்தின் சிறு பகுதிகளை. இந்தச் சண்டையெல்லாம் கையில் வட்டு இருக்கும்போது நடந்தது. வட்டே இல்லாத படத்துக்குச் சண்டை போடவும் இடமில்லை.

ஏழு வாரம் வாழ்ந்த படம்

கற்பித்தலைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. டிஸ்னி பிளஸ் தளம் 2023 மே 12-இல் ‘கிரேட்டர்’ என்ற அறிவியல் புனைவுப் படத்தை வெளியிட்டது. ஜூன் 30-இல் தளத்திலிருந்து நீக்கிவிட்டது. ஏழு வாரம். பின்னர் அதை இணையத்தில் விலைக்கு வாங்க வழி செய்யப்பட்டது. ஆனால் அந்த இடைவெளியில் அந்தப் படத்தைக் காட்ட உலகின் எந்த நூலகத்தாலும் முடிந்திருக்காது. தளத்தில் ஓடாத படத்தைக் கணக்கிலிருந்து கழித்துச் செலவைக் குறைப்பது ஒரு நிறுவனத்துக்கு வணிக முடிவு. பண்பாட்டுக்கு அது இழப்பு.

சினிமா இப்படி இழந்தது இது முதல் முறை இல்லை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில், வெளியான வடிவத்திலேயே முழுமையாகத் தப்பியவை 14 சதவீதம்தான் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக டேவிட் பியர்ஸ் செய்த ஆய்வு 2013-இல் கணக்குச் சொன்னது. வணிக மதிப்பு முடிந்ததும் ஸ்டுடியோக்கள் அவற்றைப் பேணவில்லை என்பது அழிவுக்கு ஒரு முக்கியக் காரணம்.

அதற்கும் முந்தைய காலத்துப் படங்கள் நிறையத் தப்பின. அந்தக் கதை இன்றைக்குப் பாடம். 1894 முதல் 1912 வரை அமெரிக்கச் சட்டம் திரைப்படத்தைத் தனிப் படைப்பாக ஏற்கவில்லை. புகைப்படத்துக்குத்தான் பதிப்புரிமை உண்டு. ஆகவே எடிசன் போன்ற தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் நீளமான காகிதச் சுருளில் அச்சிட்டு, ‘இவை புகைப்படங்கள்’ என்று நாடாளுமன்ற நூலகத்தில் பதிவு செய்தார்கள். தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. காகிதச் சுருள்கள் நூலகத்தில் கிடந்தன. 1950-களில் அவற்றை மறுபடி படச்சுருளாக எடுத்தபோது 3,000-க்கும் மேற்பட்ட படங்கள் உயிர்பெற்றன. பதிப்புரிமை வேண்டுமா, ஒரு பிரதியைப் பொது இடத்தில் கொடு என்ற பழைய நியாயம் காப்பாற்றிய படங்கள் அவை.

இன்று அந்த நியாயம் தளர்ந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் ‘வெளியீடு’ என்றால் பிரதிகளைப் பரப்புவது. திரையில் காட்டுவது மட்டும் வெளியீடு ஆகாது. கட்டாயமாகப் பிரதி ஒப்படைக்கும் விதி வெளியிடப்பட்ட படைப்புகளுக்குத்தான். இணையத்தில் மட்டும் இருக்கும் பெரும்பாலான படைப்புகளுக்கு அதிலிருந்து விலக்கும் உண்டு. பல கோடிப் பேர் பார்த்த படம், சட்டத்தின் கண்ணில் இன்னும் வெளியிடப்படாத படமாக இருக்க முடியும்.

ஒரு பல்கலைக்கழகம் போராடிப் பெற்றது

இதற்கு வழியே இல்லை என்று சோர்ந்துவிட வேண்டாம். வழி ஏற்கெனவே ஒருமுறை வெட்டப்பட்டிருக்கிறது.

1968-இல் டென்னஸியின் நாஷ்வில் நகரைச் சேர்ந்த பால் சிம்ப்ஸன், நியூயார்க்கில் தொலைக்காட்சி நிலையங்களைப் பார்வையிட்டார். மாலைச் செய்திகளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சுமார் இரண்டு வாரம், பிறகு நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவோம் என்ற பதில் அவரைத் திடுக்கிட வைத்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. ஒரு நாடு தன்னைப் பற்றி அறிந்துகொண்டதெல்லாம் அந்தச் செய்திகளில் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக நூலகம் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் மாலைச் செய்திகளையும் பதிவு செய்யத் தொடங்கியது. யாரிடமும் உரிமம் வாங்கவில்லை. 1973-இல் அந்த மூன்றில் ஒன்றான சிபிஎஸ் வழக்குத் தொடுத்தது. வழக்கு முடியும் முன்பே நாடாளுமன்றம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது: நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தொலைக்காட்சிச் செய்திகளைப் பதிந்து, அளவான எண்ணிக்கையில் இரவல் தரலாம். வழக்கு அத்துடன் கைவிடப்பட்டது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியை ஆராயும் எவரும் வாண்டர்பில்ட் காப்பகத்தைக் கடந்து போக முடியாது.

தொலைக்காட்சிச் செய்திக்கும் அப்போது விற்பனைப் பிரதி கிடையாது. காற்றில் வரும், மறையும். ஆயினும் நூலகம் தானே ஒரு பிரதி உருவாக்கி வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று சட்டம் ஏற்றது. கடைக்காரர் விற்காததைச் சமூகம் சேமிக்கவேண்டிய நேரம் வரும் என்பதை அன்றைய சட்டமியற்றுபவர்கள் புரிந்துகொண்டார்கள். ஸ்ட்ரீமிங் படத்துக்கும் அதே புரிதல்தான் தேவை.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்கு ஓரளவு தாராளமானது. ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்துடன் தொடர்புடையோர் மட்டும் பார்வையாளராக இருந்தால் கல்வி நிறுவனத்தின் செயல்பாடாகத் திரைப்படம் திரையிடலாம் என்கிறது 52-ஆவது பிரிவு. பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கம் உள்ளவரைத்தான் குறிவைக்கிறது. ஆனால் 2012 திருத்தம் பொது நூலகங்களுக்குத் தந்த பாதுகாப்பு உரிமையில் ஒரு நிபந்தனை உண்டு. மின்னணு வடிவில் சேமிக்க வேண்டுமானால், அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் ஏற்கெனவே இருக்கவேண்டும். ஓடிடியில் மட்டும் வந்த படத்துக்கு அப்படியொரு பிரதி பிறக்கவே இல்லை.

முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்டு 2023-இல் ஆஸ்கர் வென்ற ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. நீதிநாயகம் கே. சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது நடத்திய வழக்கிலிருந்து உருவான ‘ஜெய் பீம்’ 2021 நவம்பரில் நேரடியாக அமேசான் பிரைமில் வெளியானது. வனவியல் கற்பிக்கும் கல்லூரியும் சட்டக் கல்லூரியும் தம் நூலகத்தில் நிரந்தரமாக வைத்திருக்கவேண்டிய படங்கள் இவை. ஒப்பந்தம் கைமாறும்போதோ தளம் மூடும்போதோ இவை எங்கே போகும் என்ற கேள்விக்கு நம்மிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, சட்டம் தந்த கல்வி விலக்கை ஒப்பந்தம் பறிக்கக்கூடாது என்று சட்டமே சொல்லவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறையில் இதைச் செய்திருக்கிறது; டிஜிட்டல் கற்பித்தலுக்கும் பாதுகாப்புக்கும் தந்த விலக்குகளுக்கு எதிரான ஒப்பந்த விதிகள் செல்லாது என்று அது அறிவித்தது. இரண்டாவது, நியாயமான விலைக்குக் கல்வி நிறுவனங்களுக்கு விற்க ஓடிடி தளங்கள் முன்வரவேண்டும். இது முடியாத காரியமும் அல்ல. அல்ஃபோன்ஸோ குவாரோனின் ‘ரோமா’ நெட்ஃபிளிக்ஸ் படம். 2020-இல் அமெரிக்காவில் கிரைட்டீரியன் நிறுவனம் அதை வட்டாக வெளியிட்டது. சந்தாக்கள் அதனால் சரிந்துவிடவில்லை. தளத்துக்குப் படத்தைக் கொடுக்கும் இயக்குநர்களும் கல்வி உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப் பேரம் பேசலாம். மூன்றாவது, வெளியாகும் ஒவ்வொரு படத்தின் ஒரு பிரதியும் பொதுக் காப்பகத்துக்கு வரவேண்டும். பிரான்ஸ் 1537 முதல் புத்தகங்களுக்கும், பின்னர் திரைப்படங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கி வந்திருக்கிறது.

பிரதி ஒன்று எங்கோ இருப்பதன் பொருளைத் தென்னிந்தியா அறியும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. நடராஜ முதலியாரின் மௌனப் படமான ‘கீசக வதம்’ கிடைப்பதில்லை. ஆனால் 1933-இல் சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப் படம் இருக்கிறது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைப் படமாக்கியதற்காக, நாவலின் பதிப்புரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயம் புத்தக நிலையம் வழக்குப் போட்டது. படம் திரையிலிருந்து இறங்கியது. சுருள் அந்தப் புத்தக நிலையத்தின் வசம் போய்ச் சேர்ந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே கிடந்த சுருளை 1974-இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டது. அந்தச் சுருளைத் தடுத்து வைத்தது பதிப்புரிமைதான். தடுத்து வைப்பதற்குக்கூட அன்று கையில் பிடிக்கும்படி ஒரு பொருள் இருந்தது. அதனால்தான் நாற்பது ஆண்டு கழித்துத் தேடிப் போனவர்களுக்கு எடுத்துக்கொடுக்க முடிந்தது. இன்று வெளியாகும் படங்களைத் தேடி 2060-இல் ஒருவர் வருவார். அவருக்கு எடுத்துக்கொடுக்க ஒரு பிரதியை இப்போதே கேட்டு வாங்கிவைப்பது நம் தலைமுறையின் பொறுப்பு.